பார்ட்ஸுக்கு ஒரு வாட்ச்

ஓடிக்கொண்டிருந்த வாட்ச்சைத்தான் ஹேமநாத் திறந்தான். அதுதான் அவன் செய்த தப்பு.

காட்டாங்குளத்தூர் காலேஜில் லேப் உதவியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வாட்ச் ரிப்பேர். வெறும் பொழுதுபோக்குதான். ஆனால் லென்ஸ் வழியே அந்தக் குட்டிச் சக்கரங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் ராஜகீழ்ப்பாக்கம், வீடு, சமையலறையிலிருந்து மனைவி ரோஹிணி கூப்பிடுவது எல்லாமே எங்கேயோ தூரத்துக்குப் போய்விடும்.

"செல்போன்லயே மணி தெரியற காலத்துல இவருக்கு வந்த ஆசையைப் பாரு" என்பாள் ரோஹிணி.

அவளுடைய அண்ணன் உமேஷ் மஸ்கட் கிளம்பும்போது, தன் பழைய சாவி கொடுக்கிற வாட்ச்சை இவனிடம் தந்து, "பத்திரமா வெச்சிருங்க மாப்ளே" என்றிருந்தார். சொன்னபடி பத்திரமாக வைத்திருக்கலாம். சும்மா இருக்க முடியாமல் க்ளீன் பண்ணத் திறந்தான். ட்வீசர் நழுவியது. ஆடி ஆடி வாட்ச்சை ஓட்டுகிற பேலன்ஸ் சக்கரமும், அதன்மேல் இருந்த தலைமுடி கனமே உள்ள ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று சிக்கிப் பாழாய்ப் போயின.

வெள்ளிக்கிழமை உமேஷ் வருகிறார்.

"அண்ணன் மொதல் சம்பளத்துல வாங்கினது. என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்றாள் ரோஹிணி.

பதிலா? அதைத் தேடித்தான் மேற்குத் தாம்பரம் மார்க்கெட் சந்தில் இருக்கும் ஞானையா கடைக்கு ஓடினான். வாட்ச் உதிரி சாமான் விற்கிற கடை. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். உள்ளே நுழைந்தால் வெளியே என்ன மணி என்பதே மறந்துபோகும்.

"இந்த மாடலுக்குப் பேலன்ஸ் தனியா வர்றது நின்னு போச்சு சார்" என்றார் ஞானையா. "இதே மாடல் வாட்ச் ஒண்ணு கெடச்சா, அதைப் பிரிச்சு எடுத்துக்கலாம்."

"எங்க கெடைக்கும்?"

ஞானையா யோசித்தார். "மீன் விக்கிற சரசு அக்காகிட்ட ஒண்ணு இருக்கு. ஆனா மூணு பேரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க பேசிப் பாருங்க."

போன் போட்டார். சரசு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். கோவளத்துக்காரி. முந்தானை முடிச்சை அவிழ்த்து வாட்ச்சை மேஜைமேல் வைத்தாள்.

"கட்டிக்கப் போறியா, பிரிக்கப் போறியா சார்?"

ஹேமநாத் வாட்ச்சை நோக்கிக் கையை நீட்டினான்.

"கட்டிக்கன்னா குடுக்க மாட்டேன். முன்ன வந்த மூணு பேரும் அப்டித்தான் கேட்டாங்க."

"பார்ட்ஸுக்குத்தாம்மா. ஒரே ஒரு சக்கரம் போதும்."

"மீதியயும் வீணாக்காத. ஆராருக்கு இன்னா ஒதவுமோ எட்த்துக் குடு."

பர்ஸை எடுத்தான்.

"துட்ட உள்ள வை. ஒண்ணு மட்டும் செய்யி. உன் கடியாரம் ஓட ஆரம்பிச்சதும் ஒரு தபா எட்த்தாந்து என் காதுல வை. அது போதும்."

விசித்திரமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டான். ஞானையா பின்மூடியைத் திறந்து கொடுக்க, லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

கண்ணாடி நொறுங்கி, சாவி வளைந்திருந்ததே தவிர, உள்ளே ஒரு கீறல் இல்லை. லேசாக அசைத்ததும் பேலன்ஸ் சக்கரம் பொன்னிறத்தில் இப்படியும் அப்படியும் தொட்டில் மாதிரி ஆடியது. மார்க்கெட் இரைச்சல் அடங்கிப்போனது. ஸ்டேஷனை விட்டு ஒரு ரயில் கிளம்பும் சத்தம் கனவில் கேட்பதுபோல் கேட்டது. எத்தனை நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தானோ.

"யாரோட வாட்ச்மா இது?"

"எம்புள்ள பிரேமுது. பைக்ல போவும்போது அடிபட்டு பூட்டான். மாசி வந்தா ஒரு வருசம்."

ஹேமநாத் லென்ஸைக் கழற்றினான். வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. உமேஷின் முகமும் வந்தது. போகட்டும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.

"இதைப் பிரிக்க வேணாம்மா. கண்ணாடியும் சாவியும் மாத்தினா இதுவே நல்லா ஓடும். நான் சரி பண்ணித் தர்றேன், வீட்ல வெச்சுக்குங்க."

"வேணாம்."

"பையன் ஞாபகமா..."

"வேணான்றேன்ல? பிரி சார்."

விட்டுவிடுங்கள் என்று ஞானையா கண்ணைக் காட்டினார். ஹேமநாத்தால் விட முடியவில்லை. இத்தனை அழகாக ஆடுகிற ஒன்றை, பையனைப் பெற்றவளே குலைக்கச் சொல்வதா? கோபமே வந்துவிட்டது.

"பெத்த பிள்ளையோட வாட்ச்சும்மா! முழுசா இருக்கறதைத் துண்டு துண்டாப் பிரிக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

சரசு முகத்தில் கோபம் இல்லை.

"அவனையே பிரிச்சுக் குட்த்துட்டேன் சார். கண்ணு, கிட்னி, இதயம்னு அஞ்சு பேருக்கு. அல்லாரும் நல்லா கீறாங்களாம், ஆருன்னு மட்டும் ஆஸ்பத்திரில சொல்ல மாட்டேன்னுட்டாங்க. இதுனாச்சும் ஒருத்தர்கிட்ட ஓடறத என் காதால கேட்டுக்கறனே."