எல்லாருக்கும் சூப்

"வாசல்லயே மணக்குதே!"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடினாள் மூத்தவள். தையல் கடையைப் பூட்டிவிட்டு, புருஷனையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற லீவு நாள். இந்த விருந்துக்காகவே காலையில் வெறும் காப்பியோடு வயிற்றைக் காயப் போட்டிருந்தாள்.

அடுக்களையில் தம்பி பெண்டாட்டி, கன்னமெல்லாம் மஞ்சள் திட்டாக நின்றாள். மேடையில் பச்சைக் குழந்தை சைஸுக்குப் பாதிப் பூசணிக்காய்.

"வாங்க அண்ணி! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. இந்த மூடியைப் பிடிங்க, மிக்ஸி துள்ளுது!"

மூத்தவள் பிடித்தாள். சுட்ட பூசணியும் பூண்டும் அரைபட்டுப் பட்டு மாதிரி வழிந்தது. பிள்ளைகள் "எனக்கு, எனக்கு" என்று குதித்தன. ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தாள். அடடா!

"பிரமாதம்! சரி, கோழி எங்கே?"

"இன்னிக்கு சூப்தான் அண்ணி. க்ரீம் இல்லை, வெண்ணெய் இல்லை, சுத்தமான ஹெல்த் சாப்பாடு. தொட்டுக்க மசிச்ச உருளைக்கிழங்கு. அப்புறம் புட்டிங்."

"விளையாடாதே."

"நிஜமாத்தான்."

மூத்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது. கூடத்துக்குப் போய்த் தம்பியைப் பிடித்தாள்.

"இது விருந்தா, ஆஸ்பத்திரி வார்டா? உன் பெண்டாட்டி டயட் பைத்தியத்துக்கு நாங்கதான் கிடைச்சோமா?"

"எனக்கே இப்பத்தான்க்கா தெரியும்" என்று தம்பி தலையைச் சொறிந்தான்.

"கஞ்சத்தனத்துக்கு ஹெல்த்னு ஒரு பேரு!"

கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள். அடுக்களையில் மிக்ஸி சட்டென்று நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது.

மேஜைக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் அப்பாதான். யார் முதலில் காலி பண்ணுவது என்று பேரப்பிள்ளைகளோடு பந்தயம் கட்டினார். ஒரு கிண்ணம் போதாமல் இன்னொன்று, அதற்கப்புறமும் இன்னொன்று. வீடே அமர்க்களப்பட்டது.

மூத்தவள் மட்டும் கரண்டியை வைத்துவிட்டு அப்பாவையே பார்த்தாள். கோழி என்றால் உயிரை விடுகிற மனுஷர். பசி தாங்காமல் இந்தத் தண்ணியைக் குடிக்கிறாரே!

சாப்பாடு முடிந்ததும் அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"அப்பா, முக்குக் கடைல வறுத்த கோழி வாங்கிட்டு வரேன். அவளுக்குத் தெரிய வேண்டாம். இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்க."

அப்பா அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

"வேண்டாம்மா. கடிக்க முடியாது. புதுசாக் கட்டின பல் செட் சரியாப் பொருந்தலை. குத்திக் குத்தி வாயெல்லாம் புண். மாத்திக் கட்ட இன்னும் நாளாகுமாம். அதுவரைக்கும் எனக்குக் கஞ்சிதான்."

"எங்ககிட்ட ஏம்ப்பா சொல்லலை?"

"வெக்கமா இருந்துது. நீங்கள்லாம் கறி கடிக்கறப்ப நான் மட்டும் கஞ்சிக் கிண்ணத்தோட உட்காரணுமா? உடம்பு சரியில்லைன்னு சொல்லிப் படுத்துக்கப் போறேன், யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு உன் தம்பி பெண்டாட்டிகிட்ட கெஞ்சினேன்."

"அதுக்கு?"

"'அதெல்லாம் முடியாது, முதல் ஆளா வந்து உட்காருங்க மாமா. எல்லாருக்கும் சூப்பே வெச்சிடறேன். அண்ணி திட்டினா நான் வாங்கிக்கறேன்'னா."