சனிக்கிழமைப் புகார்

நெலிமாவின் கார் கரும்புக் காட்டைத் தாண்டித் திரும்பியதுமே ஊர் எழுந்து ஓடியது. கிழவர்கள் ஓடினார்கள், அவர்களுடைய கைத்தடிகள் அவர்களுக்கும் முன்னால் ஓடின. பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் பாய்ந்து, கவிழ்த்துக் கவிழ்த்துக் கழுவினார்கள்.

"நான் வர்றேன்னு தெரிஞ்சதும் என்னா சுத்தம்!" என்று நெலிமா பூரித்துப்போனாள். குழந்தை நல அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை நாற்காலி தேய்த்ததில் தனக்கு வளர்ந்தது இடுப்பு ஒன்றுதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் பூனைகூட அவள் பேச்சைக் கேட்காது. அப்பேர்ப்பட்டவளைக் கண்டு ஓர் ஊரே நடுங்குகிறது என்றால் சும்மாவா?

கார்கூட அவளுடையதில்லை. அலுவலகத்து மோட்டார் சைக்கிள் அவள் ஏறி உட்கார்ந்த அன்றே ஓய்வு வாங்கிக்கொண்டது. அதனால் சனிக்கிழமைகளில் கள்ளச்சாராயம் பிடிக்கிற போலீஸ்காரர்களின் பச்சைக் காரை இரவல் வாங்கி வருவாள்.

ஓடையில் வாத்துகள் மல்லாந்து மிதந்தபடி பாடிக்கொண்டிருந்தன. கரையில் ஒரு மாடு தன் வாலையே பார்த்து, யார் நீ என்பதுபோல் விசாரித்துக்கொண்டிருந்தது. "பாவம், வெயில்," என்று நெலிமா இரக்கப்பட்டாள்.

கரும்பு வெட்டும் முக்வானா, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றான். மனைவி செத்ததிலிருந்து அவனுக்குச் சாராயம்தான் துணை. இனியும் குடிக்கிறான் என்று தெரிந்தால், அவன் மகள் நஞ்சலாவை அன்றே காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

"ஊது."

"போன வாரமும் ஊதினேனே மேடம்."

"அது போன வாரத்துக் காத்து. ஊதுடா!"

ஊதினான். வெங்காய வாசனை. உள்ளே நஞ்சலா உகாலிக் களியும் கீரையும் கன்னம் பிதுங்கத் தின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா கிண்டினது ஆன்ட்டி. ஒரே கட்டி."

"ஏய், அதிகாரிகிட்டயே அப்பன மாட்டிவிடுறியா?" என்றான் முக்வானா.

நெலிமா மாவுப் பையைத் தட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது. "கூலி?"

"சாயங்காலம் தருவாங்க. மாவு, எண்ணெய், இவளுக்குச் செருப்பு, அதோட சரி. சனிக்கிழமை ராத்திரிய மட்டும் தாண்டிட்டா, அப்புறம் வாரம் பூரா கையில காத்துதான் மேடம்."

"அப்புறம் எவன்டா அவன்? இன்னைக்குக் காலையிலயும் போன் பண்ணிட்டான்." நெலிமா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தக் குரலை நடித்தே காட்டினாள். "'முக்வானா இன்னைக்குக் குடிக்கப் போறான், பிள்ளை பட்டினி கெடக்கப் போகுது, வாங்க, கார்லயே வாங்க'ங்கறான். எந்தப் பொறாமை புடிச்ச பய அது?"

முக்வானா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். "மோசமான ஆளாத்தான் இருப்பான் மேடம்."

அடுத்த மாதம் மற்ற குழந்தை நல அலுவலர்களுக்கு நெலிமா வகுப்பு எடுக்க வேண்டும். குடிக்கிற பெற்றோரை, பிள்ளையைப் பிரிக்காமலே மீட்பது எப்படி? அவளிடம் பாடம் தயார். நேரே போய் நில், முறைத்துப் பார். அந்த முறைப்புக்குக் கென்யாவே திருந்திவிடும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகைகூடப் பார்த்திருந்தாள். கண்ணாடியில் விரிசல் விழுந்தது வேறு கதை.

"முக்வானா, நீ ஜெயிச்சுட்ட. கொஞ்சூண்டு நானும் ஜெயிச்சேன்னு வச்சுக்கோ. வந்தப்பெல்லாம் பாத்துட்டேன், ஒரு சொட்டு வாசனை இல்ல. நஞ்சலா இனிமே உன்கூடத்தான். நான் வர மாட்டேன்."

துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவனோ வெட்டிய கரும்பு மாதிரி மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

"வராம இருந்துடாதீங்க மேடம்."

நெலிமா உருகிப்போனாள். "என் அறிவுரை அவ்வளவு தூரம் மனசுல பதிஞ்சுதா? எது ரொம்பப் புடிச்சுது?"

"அறிவுரையா?" முக்வானா நெற்றியைச் சொறிந்தான். "அதுவும்... நல்லாத்தான் இருந்துச்சு மேடம்."

"பின்ன என்னடா பயம்?"

அவன் மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வர்ற சனிக்கிழமையும் போன் வரும். அந்தக் காரோட வந்துருங்க. வராட்டி கூலிய வச்சுக்கிட்டு அந்தக் குடங்கள என்னால தாண்ட முடியாது. இவளும் உங்க காப்பகத்துக்குப் போயிடுவா."

நெலிமா ஓடைப் பக்கம் பார்த்தாள். கடைசிக் குடத்தைக் கவிழ்த்த பெண், பச்சைக் காரைப் பார்த்து வாயாரத் திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாத்து பாட்டை நிறுத்தி விக்கியது. அடுத்த மாதம் வகுப்பெடுக்கப் போக வேண்டியது அவளல்ல, இந்தக் கார்தான் என்பது நெலிமாவுக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

முறைப்பில் மிச்சம் மீதி இருந்ததை எல்லாம் திரட்டிக்கொண்டாள். "அந்தப் பய மறுபடியும் போன் பண்ணுவான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"நான்தானே மேடம் பண்றேன்."