பயணக் காரணம்

கார் சார்ஜ் ஏற வேண்டுமென்றால் எதற்காகப் போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். திரையில் வந்த பட்டியலில் பிரசவம், பரீட்சை, கல்யாணம், துக்கம் எல்லாம் இருந்தன. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும் எதுவும் இல்லை. ‘மற்றவை’யை அழுத்தினேன். நாளை மாலை நான்கு மணி என்று முறை வந்தது. பஸ்களும் சார்ஜுக்கு அதே வரிசையில்தான் நின்றன.

“துக்கம்னு போடேன், உடனே ஏறிடும். யாரு வந்து பார்க்கப் போறா?” என்றார் என் கணவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வாயைக் கழுவுங்க. உசுரோட இருக்கிறவளுக்கு நானே அதை அழுத்தணுமா?”

அக்காவுக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்றேன்.

“இஞ்சிமரப்பா வாங்கிட்டு வாடி. வாயெல்லாம் கசக்குது.”

வாங்கி வைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்கா மகன் போனில் அழுதான்.

துக்கம் என்பதை அழுத்தினேன். தெருவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மற்ற வண்டிகளுக்கெல்லாம் நின்றுபோக, எங்கள் காருக்கு மட்டும் மளமளவென்று ஏறியது. இருபதே நிமிடம். இஞ்சிமரப்பா பொட்டலத்தோடு ஏறி உட்கார்ந்தேன்.

நேற்றே அழுத்தியிருந்தால் ஒரு பொய்யோடு முடிந்திருக்கும்.