காந்தம் ஒட்டிய கார்

திடீரென்று ஒரு ஹாரன் அலற, கிஷினாவ் நகரத்துப் பழைய கார் சந்தையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சாம்பல் நிறப் பெரிய கார் ஒன்றின் முன்னிருக்கையில் மண்டியிட்டு, ஏழு வயது இலிங்கா எட்டி எட்டி ஹாரனை அமுக்குகிறாள். வெளியே அவளுடைய அப்பா வலேரியு, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மை ஒன்றைப் பக்கத்துச் சிவப்புக் காரில் வைத்து வைத்துப் பார்க்கிறான். அடிபட்ட தகரத்தின்மேல் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் நிற்காது. அது அவன் மனைவி லிலியா இத்தாலியிலிருந்து அனுப்பிய பொம்மை. ஐந்து வருடம் அங்கே படுத்த படுக்கையான கிழவிகளைக் குளிப்பாட்டிச் சேர்த்த பணம் அவள் கைப்பையில் இருக்கிறது. இனி போவதில்லை என்று நேற்றுத்தான் வந்து இறங்கினாள். "சிவப்பை எடுங்கண்ணே, ஊரே வாயப் பொளக்கும்," என்கிறான் வியாபாரி. பொம்மை கதவிலிருந்து நழுவிச் சேற்றில் விழுகிறது. "ஊரு பாக்குறதுக்குள்ள கதவு கழண்டுடும் போலிருக்கே!" என்று வலேரியு சிரிக்கிறான். லிலியா குனிந்து பொம்மையை எடுத்து, பாவாடையில் துடைத்து, சாம்பல் காரில் வைக்கிறாள். வைத்த இடத்திலெல்லாம் பச்சென்று ஒட்டுகிறது. காலை வெயிலில் அவள் முகம் மலர்கிறது. "இதுவே போதும்ங்க. நாம மூணு பேரும் தாராளமா போலாம்." முன்கதவைத் திறக்கிறாள். இலிங்கா இரண்டு கைகளாலும் இருக்கையை மறைத்துக்கொள்கிறாள்.

"இது என் இடம். விருந்தாளிங்க எல்லாம் பின்னாடிதான் உக்காருவாங்க."