பேர் வச்ச குத்தம்

"பாவாடை அவன் டெலஸ்கோப்புக்கு உம்பேரைத்தான் வச்சிருக்கானாம். 'பழமலை அரைக்குருடு, ரெண்டு அறை விட்டாத்தான் ஒழுங்கா காட்டுவான்'னு வர்றவங்க கிட்டல்லாம் சொல்றானாம்" என்றார் டீக்கடை சனாவுல்லா.

பழமலைநாதன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். தன் பீங்கான் பட்டறைக்குப் போய்க் களிமண் அடிக்கும் கட்டையை எடுத்துக்கொண்டு பாவாடை வீட்டுக்கு ஓடினான்.

இருவரும் ஒரு காலத்தில் ஆளுக்கொரு டெலஸ்கோப் வாங்கி, ஒன்றாக மாடியேறி நிலா பார்த்த சிநேகிதர்கள். பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது.

மொட்டை மாடி வெயிலில் டெலஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்த பாவாடை திரும்புவதற்குள் முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. மூன்றாவதில் முன்பல் ஒன்று எரிநட்சத்திரம் போலப் பறந்தது.

"எம்பேரை வச்சு அறைவியாடா?"

பாவாடை ரத்தத்தைத் துப்பினான். "வேற என்னடா பண்றது? நீதான் பேசறதில்லையே. உன்னைத் திட்டாம எனக்குப் பொழுது போவுதா?"

ஓங்கிய கட்டை அந்தரத்தில் நின்றது.

சத்தம் கேட்டு ஓடிவந்த பாவாடையின் மனைவி வீராயி, "பேரு வச்சதுக்கா பல்லை ஒடச்சீங்க? உங்க வூட்டு டெலஸ்கோப்புக்கு என்னண்ணே பேரு?" என்றாள்.

பழமலைநாதன் குனிந்து பல்லைத் தேடினான். இன்று விடிகாலையில்கூடத் தன் டெலஸ்கோப்புக்கு இரண்டு அறை விட்டு, "ஒழுங்கா காட்டுடா, பாவாடை" என்று சொல்லிவிட்டுத்தான் டீக்கடைக்குப் போயிருந்தான்.