குழிவிரியனின் பிரசவம்

மலைக்காட்டில் ஒரு பெண் குழிவிரியன் இருந்தது. அதன் இனத்தில் மிஞ்சியவை மிகச் சில. அதைக் காப்பாற்ற வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அதன் தோலுக்கடியில் ஒரு கருவியைப் பதித்திருந்தார்கள். எங்கே ஒளிந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது விரியன் நிறைசூலி. பாறை இடுக்கில் புகுந்தது, வந்துவிட்டார்கள். மரப்பொந்துக்குள் சுருண்டது, டார்ச் அடித்துப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். பல்லில் நஞ்சிருந்தும் அதற்கு நடுக்கம் தீரவில்லை.

“உன் நல்லதுக்குத்தானே வர்றாங்க?” என்றது அரணை.

“நல்லதுக்குத்தான். ஆனா அவங்க போட்ட தடத்துலயே கீரியும் வருதே! பிள்ளைங்களை எங்க வச்சுப் பெறுவேன்?”

மறுநாள் காலை வலி கண்டது. கீரி நெருங்கப் பயப்படும் இடம் ஒன்றுதான் இருந்தது. விரியன் மெல்ல ஊர்ந்துபோய், ஆராய்ச்சிக்காரர்களின் கூடாரத்துத் தரைப்பலகைக்கடியில் படுத்துக்கொண்டது.

மேலே, அந்தக் கருவி இருக்கும் இடத்தைக் காட்டும் பெட்டி விடாமல் கீச்சிட்டது.

“சார், விரியன் நம்ம காலடியிலயே இருக்குன்னு காட்டுது!”

விரியன் இன்னும் இறுகச் சுருண்டுகொண்டது.

“இங்க எப்படி வரும்? பெட்டி கெட்டுப்போச்சு. அணைச்சிட்டு வாம்மா, காட்டுல தேடுவோம்.”

காலடிச் சத்தங்கள் தூரத்தில் தேய்ந்தன. அதன்பிறகே முதல் குட்டி வெளியே வந்தது.