மெலீனின் பாட்டில் ஒரு சீழ்க்கை

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு வாயை மூடிக்கொண்டு அழத் தெரியவில்லை. அப்பன் செத்தால் ஒரு பாட்டு. காதலன் விட்டுப்போனால் ஒரு பாட்டு. அதை ஊர் நடுவில் ஒலிபெருக்கி கட்டி எல்லோரும் கேட்க வேண்டும், கைதட்ட வேறு வேண்டும்.

வேறு யாராவது பாடியிருந்தால் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருப்பேன். பாடியது என் பேத்தி மெலீன். பத்தொன்பது வயது. அவளுடைய முதல் பாட்டு வெளிவந்து மூன்று நாள்தான். லீல் நகர ரேடியோவில் தினம் நாலு தரம் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நகராட்சி வாசலில் மேடை போட்டுவிட்டார் மேயர். புறாப் பந்தய ஞாயிறு. புறா வந்து இறங்குகிற நேரம். நாங்கள் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்வந்த காலத்தில் அந்த நேரத்தில் தெருவில் ஒருத்தன் தும்ம மாட்டான்.

என் ஆண் புறாவைக் காலை ஏழு மணிக்கு ஓர்லெயான் நகரத்தில் திறந்துவிட்டிருந்தார்கள். முந்நூறு கிலோமீட்டர் பறந்து வந்தாலும் என் கூண்டுப் பலகையில் கால் வைத்தால்தான் நேரம் பதியும். எவன் கூரையிலாவது இரண்டு நிமிடம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தால் போச்சு.

என் வீடு பின்தெருவில். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் போனேன். பாட்டுக் கேட்க இல்லை.

"ஒக்தாவ், வாய்யா! உன் பேத்தி இங்கிலீஷ்ல கத்தல, நம்ம பிரெஞ்சுல பாடியிருக்கா!" என்றார் மேயர்.

"எதுல வேணா பாடட்டும். மெதுவாப் பாடச் சொல்லு."

அவர் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினார்.

மெலீன் மைக்கைப் பிடித்தாள்.

"பாட்டு ஆரம்பத்துல ஒரு சீழ்க்கை வரும். எங்க அப்பா புறாவக் கூப்பிடுறது. அவரு போன்ல கிடைச்சுது. அப்பாவோடதுன்னு எங்கிட்ட மிச்சம் இருக்கிறது அந்த ஏழு செகண்டுதான்."

அவள் அப்பா ரெஜிஸ் என் மகன். இருபது வருஷம் இரண்டு பேரும் ஒரே கூண்டில் புறா வளர்த்தோம். நுரையீரலில் கட்டி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், நவம்பரில் புதைத்தோம்.

பாட்டைப் போட்டார்கள்.

நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. கடைசியில் புஸ்ஸென்று காற்றுப் போகிற சத்தம். பின்னால் டப்பாவில் மக்காச்சோளம் குலுங்குகிறது.

சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்ததை மறந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாதா கோயில் கோபுரத்துக்கு மேலே புறா தெரிந்தது. என்னுடையதுதான், அந்த இறக்கையை எங்கேயும் கண்டுபிடிப்பேன். என் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்த அது திரும்பியது. ஒரு வட்டம் அடித்தது. நேராக இறங்கி ஒலிபெருக்கி மேல் உட்கார்ந்தது.

"ரெஜிஸோட புறாடா அது!" ரொட்டிக் கடை ஜோஸியான் கத்தினாள். "மனுசன் போய் மூணு வருசம் ஆச்சு, அவன் சீழ்க்கைய மறக்கல பாரு!"

அவ்வளவுதான். ஊரே அழுதது. உருளைக்கிழங்கு வறுவல் வண்டிக்காரன் தொப்பியைக் கழற்றினான். மற்றவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள், ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பந்தயம் போயிற்று. மேடையில் ஏறிப் புறாவைப் பிடித்தேன்.

மெலீன் பக்கத்தில் வந்தாள். கண்ணில் பூசியிருந்த கறுப்பெல்லாம் கன்னத்தில்.

"தாத்தா, இது அப்பா வளர்த்ததுதானே?"

புறாவின் கால் வளையத்தில் அது குஞ்சு பொரிந்த வருஷம் இருக்கும். கூண்டுக்காரன் எவனும் முதலில் பார்ப்பது அதைத்தான். போன வருஷம் போட்டிருந்தது.

ரெஜிஸின் சீழ்க்கை இந்தப் புறாவின் காதில் விழுந்ததே இல்லை.

அவன் சீழ்க்கை அடித்தால் கத்தி மாதிரி வரும், ஒரு பொட்டுக் காற்றுப் போகாது. காற்றுப் போவது எனக்கு. சுரங்கத்தில் முன்பல் போன நாளிலிருந்து.

கடைசி வசந்தத்தில் அவனால் கூண்டுக்கு ஏற முடியவில்லை. கொல்லைப் பக்கத்து அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருந்தான். நான் மட்டும் சீழ்க்கை அடித்துப் புறாவைக் கூப்பிடுவேன். அதை அவன் போனில் பிடித்து வைத்திருக்கிறான். எப்போது போட்டுக் கேட்டான், எத்தனை தரம் கேட்டான், எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. அவன் சீழ்க்கையைப் பிடித்து வைக்க எனக்கும் தோன்றவில்லை.

வருஷம் தெரியாதபடி கட்டைவிரலை வளையத்தின் மேல் நகர்த்தினேன்.

"பின்ன வேற யாரு வளர்த்தா?" என்றேன்.

அவள் புறாவின் தலையில் முத்தம் வைத்தாள். அதற்கு அது பிடிக்கவில்லை.

"பாட்டு பிடிச்சுதா தாத்தா?"

"சத்தம் ஜாஸ்தி."

கீழே கூட்டம் பாட்டை மறுபடி போடச் சொன்னது. முதலிலிருந்து போட்டார்கள். கைக்குள் புறா திமிறியது. சட்டைக்குள் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்தெருவுக்கு நடந்தேன். புறாவைப் பற்றி அவளிடம் சொன்னது சரியென்று எனக்கு இன்னும் படவில்லை.